ஜன்னல் இருக்கிறதா

முதலில் அந்தப் படத்தை அழித்தேன்.
ஆறு பேர், அத்தனை பேருக்கும் விளம்பரப் பல்,
கையில் காப்பிக் கோப்பை,
முதுகுக்குப் பின்னால் ஏதோ வெயில் நாட்டுக் கண்ணாடிக் கட்டடம்.
எங்கள் ஆலையில் அப்படி யாரும் சிரித்ததில்லை.
சிரித்தாலும் முகமூடிக்குள்.

நார்வேயின் வட நுனி, பாரெண்ட்ஸ் கடலோரம்.
காட் மீன் வந்திறங்கும்,
தலை போகும், முள் போகும்,
மிச்சம் பனிக்கட்டிப் பெட்டியில் தெற்கே போகும்.
நாற்பது பேர் வேண்டிய இடத்தில் பதினேழு பேர்.
கணக்கெழுதுபவள் நான்.
கணினியைத் தட்டத் தெரியும் என்பதால்
இதுவும் என் தலையில்:
"இங்வில், ஆள் எடுக்கும் பக்கத்தைக் கொஞ்சம் அழகாக்கு,
குடும்பம் போல என்று ஒரு வரி போடு"
என்றார் டோர்பியோர்ன்.

குடும்பம் போல.
போன மார்ச்சில் பெட்டியைக் கட்டியவர்களும்
அந்த வரியைப் படித்துத்தான் வந்தார்கள்.

பழைய படிவத்தைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று
என் கைபேசியிலேயே நிரப்பிப் பார்த்தேன்.
ஒற்றைக் கையுறையைக் கழற்றிவிட்டு.
ஒன்பதாம் கட்டத்தில் விரல் மரத்தது.
பதினான்காம் கட்டம் கேட்டது:
ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?
அதே வெட்டுமேசையில்,
உட்கார ஒரு நாற்காலியோடு
என்று அடித்துவிட்டு, அழித்தேன்.
இருபத்திரண்டு கட்டங்களில் மூன்றை விட்டுவைத்தேன்:
பெயர், எண், எப்போது வர முடியும்.

சம்பளத்தை முதல் வரியில் வைத்தேன்.
"கூலியை யாராவது வாசலில் எழுதிவைப்பார்களா?"
"மீன் விலையை எழுதித்தானே வைக்கிறோம்."
கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார்,
போய்விட்டார்.

வைவா முகத்தைத் தரமாட்டேன் என்றாள்,
கையை எடுத்துக்கொள் என்றாள்.
இரும்பு வலைக் கையுறை, கத்தி,
ஓரத்தில் சுவர்க் கடிகாரம்: நாலு நாற்பது, விடிகாலை.
விடிகாலை என்பது பேச்சுக்கு.
செம்ஹார் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றவில்லை:
"முதல் வாரம் தோள் வலிக்கும். இரண்டாம் வாரமும்.
மூன்றாம் வாரம் மறந்துவிடும்,
இல்லையென்றால் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள்."
திக்ரின்யாவில் அவளே எழுதித் தந்தாள்,
லிதுவேனியனில் வைவா.

சூரியன் போய் எட்டாம் நாள் வெளியிட்டோம்.
அறுபத்தொரு பேர் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள்.
பொத்தானை மேலே ஏற்றினேன்.
நீலத்தை மாற்றி
மீனவர் மழைக்கோட்டின் ஆரஞ்சைப் பூசினேன்.
எண்பத்து நான்கு.
டோர்பியோர்ன் கதவருகே வந்து நிற்பார்,
ஒன்றும் கேட்கமாட்டார்.
அந்தக் கேட்காமைதான் தாங்கவில்லை.

பிறகு ஒரு இரவு, இரண்டு பதினேழுக்கு,
ருசுதான் என்று ஒரு பெயர்,
போலந்து எண் ஒன்று.
எப்போது வர முடியும் என்ற கட்டத்தில்
தேதி இல்லை, ஒரு கேள்வி:
வெட்டும் கூடத்தில் ஜன்னல் இருக்கிறதா?

பதினோரு வருடம் இங்கே சம்பளம் வாங்குகிறேன்,
எனக்குத் தெரியவில்லை.
காலையில் போய் நாலு சுவரையும் பார்த்தேன்.
குழல் விளக்கு, குழாய், ஓடு, குழல் விளக்கு.
சாப்பாட்டு அறையில் ஒன்று இருந்தது,
உப்பேறி, பாதிக்கு மேல் காலிப் பெட்டிகள் அடைத்து.

எழுதினேன்:
கூடத்தில் இல்லை.
சாப்பிடும் இடத்தில் ஒன்று உண்டு.
ஜனவரி பாதி வரை அதிலும் இருட்டுதான்.
அதையே பக்கத்திலும் சேர்த்தேன், சம்பளத்துக்குக் கீழே.
அனுப்பிய பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது.
இருந்த ஒருத்தியையும் விரட்டிவிட்டேனோ?

உணவு இடைவேளையில் நானும் வைவாவும்
பெட்டிகளை நகர்த்தினோம்.
வெந்நீர், பழைய துண்டு.
கண்ணாடிக்கு அப்பால் துறைமுக விளக்கு,
ஒரு படகு, அதன் மேல் பறவைகளின் கூச்சல்.

"பதில் வந்ததா?"
"இல்லை."
கோப்பையோடு ஜன்னலருகே நின்றார் டோர்பியோர்ன்,
காப்பி ஆறும்வரை.
"இங்கே ரெண்டு நாற்காலி போடலாம்.
அதையும் பக்கத்தில் எழுதிவிடு."

முதலில் போடுங்கள் என்றேன்,
பிறகு எழுதுகிறேன்.