மூன்று நொடி

கரண்ட் இருக்கும்வரை நகரியில்
பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைக் கேட்க வேண்டும்.
எங்கள் கொட்டகையில் எட்டுத் தறி,
சுவருக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டு.
ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
இங்கிலாந்தில் ஏதோ ஒரு லிஃப்ட் ரிப்பேர் கம்பெனிக்கு
அடிவசனம் எழுதுகிறேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
மேலே போனால் சிரிப்பு மடங்கி அடுத்த வரியில் விழும்.

அந்த ஆபீஸில் எப்போதும்
மழைக்கு ஐந்து நிமிடம் முந்தைய வெளிச்சம்.
மேனேஜர் சொல்கிறார்:
"நம்ம தொழில்ல ஏற்ற இறக்கம் சகஜம்."
யாரும் சிரிக்கவில்லை.
கேமரா அவர் முகத்தைவிட்டு நகராமல் நிற்கிறது.
டைம்கோடு பார்த்தேன், மூன்று நொடி.
அதற்குள் அவர் ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி,
எழுத எதுவும் இல்லாமல் மூடிவிடுகிறார்.

சென்னைக் கம்பெனி இரண்டையும் வாங்கியிருக்கிறது:
இதையும், இதை எடுத்து அமெரிக்காக்காரன் செய்ததையும்.
சனிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
முதல் பாகம் சொல்லுக்குச் சொல் அதேதான்.
என் தமிழையே அள்ளி ஒட்டினேன்.
ஒட்டவில்லை.
என் வரி எழுந்து நிற்பதற்குள்
அடுத்தவன் பேசிவிடுகிறான்.
ஜன்னலெல்லாம் வெயில்.
அங்கே ஆறாம் பாகத்தில்
அட்டைப்பெட்டியோடு வெளியே அனுப்பிய அதே ஆளை
இங்கே ஒன்பது வருடம் வைத்திருந்து
கடைசியில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

அரக்கோணத்தில் இருந்தபோது
ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை.
"உப்பு ஆந்திராவுக்குப் போயிருக்கு,
மூணு மணி பஸ்ஸுல வந்துடும்" என்றேன்.
தயாளன் தட்டைப் பார்த்தான்.
ஃபேன் சுற்றியது.
பிறகு ஊறுகாய் கேட்டான்.

எல்லை தாண்டி முனிரத்தினத்தைக் கட்டிக்கொண்ட பிறகு
அதே சாம்பார், அதே மறதி.
ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன்:
உப்பு தமிழ்நாட்டுக்குப் போயிருக்கு.
சோறு மூக்கில் ஏறும்வரை சிரித்தான்.
அவன் அம்மா எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.
அடுத்த நாள் பால்காரர் என்னிடம்
உப்பு வந்துவிட்டதா என்றார்.
பதினோரு வருடமாக வந்துகொண்டேயிருக்கிறது.
இப்போதெல்லாம் அந்த ஜோக் என்னுடையது என்று
இங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

எங்கள் மலைக்கு மூக்கு என்று பேர் வைத்தவன்
கடலில் கப்பல்மேல் நின்ற வெள்ளைக்காரனாம்.
அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு
மூக்கு தெரிவதில்லை. கல்லும் கருவேலமும்.

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை.
கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
படியிறங்கும்போது
முன்னால் போன தயாளன் நின்றான்.
திரும்பாமலேயே கேட்டான்:
"மூணு மணி பஸ் வந்துச்சா?"
தோள் குலுங்கியது.
சிரித்தானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.
நான்கு வருடம் ஏழு மாதம்.
அத்தனை இடைவெளி விட்டால்
வரி காணாமல் போய்விட்டது என்று
கம்பெனியிலிருந்து மெயில் வரும்.

மணி நான்கு. கரண்ட் போய்விட்டது.
இருபது தறியும் ஒன்றாக நின்றதில்
காது பஞ்சு வைத்ததுபோல் ஆகிறது.
லேப்டாப்பில் பத்தொன்பது சதவீதம்.
கொட்டகையில் முனிரத்தினம் குரல்.
புதிதாகச் சேலை எடுக்க வந்த திருத்தணி வியாபாரியிடம்
தெலுங்கில் சொல்லிக்கொண்டிருக்கிறான்:
"உப்பு தமிழ்நாடுகு போயிந்தி."

வியாபாரி பக்கம் சத்தமில்லை.

திரையில் மேனேஜர்
பேனா மூடியைப் பிடித்தபடி உறைந்திருக்கிறார்.
நான் விரலை எடுத்துவிட்டு எண்ணுகிறேன்.
ஒன்று.
இரண்டு.