இரண்டு விநாடி

டக்.
சிவப்பு பச்சையாகிறது.
ஒன்று, இரண்டு.
டக்.
மறுபடி சிவப்பு, பிறகு அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவிலிருந்து
இவ்வளவுதான் பேசுகிறது என் ஆம்ப்ளிஃபையர்.
பதினெட்டுக் கிலோ, ஒரே சொல்.

ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினேன், நான்கையும்.
பிசிறிய செம்பிழை ஏதோ பக்கத்து முனையைத் தொட்டிருக்கும்,
நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான் என்று
ஹெல்டுர் போனில் அடித்துச் சொன்னான்.
வெற்று முதுகோடு போட்டுப் பார்த்தேன்.
டக். ஒன்று, இரண்டு. டக்.
மீதிப் பத்து எனக்கு வாய்த்திருக்கிறது.

பூச்சியத்துக்குக் கீழே இருபத்து மூன்று டிகிரி.
எமாயொகி ஆறு கல்லாகிக் கிடக்கிறது.
தார்த்து நகரின் இந்த ஐந்து மாடிக் கான்கிரீட் பெட்டியில்
ஒருவர் தும்மினால் மூன்று வீடு நலம் விசாரிக்கும்.
கீழ்வீட்டு வைகே இரண்டு ஆண்டாகத்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை,
அதாவது என் தரையை, இடித்தே பேசி வந்தவள்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குள் அமைதி இருக்கிறது;
பெயர் வைத்தவர்கள்
இந்தக் கட்டடத்தைப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை கதவைத் தட்டினாள்.
ரொட்டி ஆலையில் இரவு வேலை முடித்து வந்த கோட்டு,
முடியில் மாவா பனியா தெரியவில்லை.
"உன் பாட்டுக்கூடப் பழகிவிட்டது, ஹில்லர்.
இந்த டக் இருக்கிறதே,
அடுத்தது எப்போது வரும் என்று
கண் மூடாமல் படுத்திருக்கிறேன்.
என்னதான் ஆச்சு அதற்கு?"

மூடியைத் திறந்து காட்டினேன்.
பன்னிரண்டு ஆண்டுத் தூசி, செத்த அந்துப்பூச்சி ஒன்று.
பிளக்கை உருவி நேரமாகிறது, ஆனாலும்
அந்தக் குண்டு கெபாசிட்டர்களில் கை வைக்காதே என்றேன்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்,
அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்த பள்ளிப் பிள்ளை போல.

எனக்கு வேண்டியது ஒரு பழைய இழை பல்பு, அறுபது வாட்,
மின்சாரம் நுழையும் வழியில் காவலுக்கு நிறுத்த.
உள்ளே ஷார்ட் என்றால் பல்பு எரியும், பெட்டி எரியாது.
கடைகளில் இல்லை. எல்லாம் எல்.இ.டி.
வைகே பேசாமல் இறங்கிப் போனாள்.
திரும்பியபோது கைக்குட்டைக்குள்
இன்னும் சூடு ஆறாத ஒரு பல்பு.
"நடைவழியில் இருந்தது.
திருப்பித் தரணும்."

பளீர்.
இரண்டு விநாடியும் முழுப் பளீர்.
"நல்லதா, கெட்டதா?"
"கெட்டது" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் டார்ச் பிடித்தாள். வெளிச்சம் அசையவில்லை;
இரவெல்லாம் மாவுத் தட்டு தூக்கிய கை.
வலப்பக்க டிரான்சிஸ்டரின் திருகைக் கழற்றி நெம்பினேன்.
அதற்கும் அலுமினியத்துக்கும் நடுவே
வெங்காயச் சருகாய் ஒரு மைக்கா,
அதில் ஊசிகூட நுழையாத பொத்தல்,
சுற்றிலும் கருகல்.
"இதுக்கா?"
"இதுக்குத்தான்."

புது மைக்கா. வெள்ளைப் பசை. திருகு.
பல்பு ஒருமுறை விழித்து, மங்கி,
சிவந்த நூலாகி நின்றது.
டக்.
ஒன்று, இரண்டு, மூன்று.
பதினொன்றுவரை எண்ணியது நானல்ல, அவள்.

கோட்டைக் கழற்றாமலே
செல்லோ தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள்.
"மேலே இது வேறு பாட்டாக இருக்கிறது.
எனக்கு வெறும் உறுமல்தான் வரும்" என்று
புகார் கொடுக்கும் குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு நிமிடம் இருக்கும்.
துடைப்பக் கட்டை.
ஒன்று, இரண்டு.

குறைத்தேன்.
பல்பு இன்னும் என் மேஜையில்தான்.
கீழே, இருண்ட நடைவழியில்
எதையோ இடறிக்கொண்டு திட்டுகிறாள்.
ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது.