வாலில் ஓர் எஸ்

தக்கலையில் தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழலில் என் டைப்ரைட்டர்.
மனு ஒன்றுக்கு எழுபது ரூபாய்,
இங்கிலீஷில் என்றால் நூறு.

அழிக்கால் மெற்றில்டாவின் மனு
திரும்பி வந்திருக்கிறது.
ஓரத்தில் பச்சை மையில் இரண்டே சொல்:
பெட்டிஷனர் எக்ஸாஜரேட்ஸ்.

"என்னவாக்கும் சார் எழுதியிருக்கு?"

இருபத்தாறு வருடப் பழக்கம் எனக்கு இந்தச் சொல்லோடு.
மிகைப்படுத்து என்கும் அகராதி.
மார்த்தாண்டம் சந்தையில் அதற்குத் தள்ளு என்று பெயர்.
கண் காது மூக்கு வைக்கிறது என்பாள் என் மனைவி,
என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும்.
அதுதான் இந்த வினையின் குணம்.
நான் என்று எழுவாய் போட்டால்
கூடவே ஓர் இல்லை கேட்கும்:
நான் மிகைப்படுத்தவில்லை.
நீ, அவன், அவள் என்றால்
பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும்.

கல்யாண பிளெக்ஸில் மாப்பிள்ளையைச் சிங்கம் என்று போடுகிறார்கள்.
யார் போய்ப் பச்சை மையில் ஓரக்குறிப்பு எழுதினார்?

இங்கே வாலில் ஓர் எஸ் வேறு.
அன்றைக்கு ஒருநாள் கூட்டிச் சொன்னாள் என்பதல்ல;
மாடு புல் தின்னும் என்பதுபோல்
அவள் கூட்டிச் சொல்லுகிறவள்.
பிறவிக் குணம். ஒற்றை எழுத்தில்.

ஆனால் அவள் சொன்னது
"முழங்காலு வரை வெள்ளம் சார்" என்றுதான்.
கள்ளக்கடல் ஏறிய மதியம்.
மிக்ஸி, ரேஷன் அரிசி, மூத்தவளுக்க மார்க்‌ஷீட்டு.
முழங்காலுக்குச் சர்க்கார் என்ன தந்துவிடும்?
நெஞ்சளவு என்று அடித்தது என் விரல்.
மிக்ஸிக்குத் துணையாக ஒரு பிரிட்ஜ்.
அவள் வீட்டில் பிரிட்ஜ் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.
அவளுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்
அவள் அளவு எடுக்காமல் நான் தைத்த சட்டை.

எழுவாயில் இப்போது அவள் நிற்கிறாள்.

"ஒண்ணுமில்ல, இன்னும் கொஞ்சம் விவரம் கேக்குறாங்க"
என்றேன்.
குறைத்துச் சொல்வதற்கும் இங்கிலீஷில் ஒரு வினை உண்டு.
அதுவும் எனக்குக் கைவரும்.

புதுத் தாள் செருகினேன்.
உள்ளதை உள்ளபடி, இந்த முறை.
"வெள்ளம் எதுவரை? சரியாச் சொல்லுங்க."

குனிந்து, சேலையோடு சேர்த்து
முட்டுச்சிரட்டையில் கை வைத்தாள்.
"இம்புட்டுதான் சார். பொய் சொல்லக்கூடாதுல்லா."

முழங்காலுக்கு இங்கிலீஷில் முதல் எழுத்து கே.
எழுதவேண்டும், வாயில் வராது.
அடித்தேன்.

சுருக்குப்பையில் சில்லறை தேடிக்கொண்டே
அவள் சொன்னாள்:
"கட்டிலுக்க மேலல்லியா நிண்ணேன்,
சின்னவள தோளில வச்சுக்கிட்டு."