இறங்குவது இலவசம்

திபிலிசியின் வடகோடியில், எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
இருபது தெத்ரி. இறங்குவது இலவசம்.
அந்த உண்டியலைப் பொருத்தியவனுக்கு
வாழ்க்கையைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

பதினான்கு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை.
எழுதவில்லை என்பதும் சரியில்லை.
எழுதினேன், அடித்தேன்,
அடித்ததன் மேல் இன்னொரு கோடு போட்டேன்,
கோடு நேராக வந்ததில் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.
பென்சில்களைச் சீவி உயரவாரியாக அடுக்கினேன்.
மேசையை ஜன்னலடிக்கு நகர்த்தினேன்,
பிறகு ஜன்னல்தான் குற்றவாளி என்று சுவரடிக்கு.
பதிப்பாளரிடம் சொன்னேன், பாதி முடிந்துவிட்டது.
எதில் பாதி என்று அவரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் லிஃப்ட் நின்றது.
ஏழாம் மாடி நதேலா கதவைத் தட்டினாள்,
கையில் வெள்ளைத்தாள், உதட்டிடையில் இரண்டு குத்தூசி.
"எலிகோ, நீதான் எழுதுகிறவளாச்சே,
ஓர் அறிவிப்பு எழுதிக் கொடு."

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்று சொல். முக்கால் மணி நேரம்.
பழுதாகிவிட்டது என்றால் யாரையோ குற்றம் சாட்டுகிறது,
ஓடாது என்றால் பிடிவாதம்,
தயவுசெய்து என்பதை யாருக்குப் போடுவது, லிஃப்டுக்கா, நமக்கா?
நதேலா வாசலிலேயே நின்று
என் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அதன் கீழே, பென்சிலில், யாரோ:
எப்போதிலிருந்து?
மாலையில் வேறொரு கை, நடுங்கியபடி:
என் முழங்காலைக் கேளுங்கள், அது தேதி சொல்லும்.
அதற்கும் கீழே மூன்றாம் மாடிச் சிறுவன் சாபா
ஒரு நாய் வரைந்திருந்தான்.
ஐந்து கால். ஒன்று வாலாகவும் இருக்கலாம்.

உருளைக்கிழங்குப் பையோடு நின்று
அந்த நாயைப் பார்த்தேன்.
எதையும் யோசிக்காமல் எழுதினேன்:
இந்த நாய் ஒன்பதாம் மாடிவரை வந்தால் ரொட்டி உண்டு.

நாலாம் மாடி தாண்டித்தான் உறைத்தது.
ஒரு வாக்கியம்.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
மூச்சு முட்டியது. படிக்கட்டுதான் காரணம் என்று
பையைக் கீழே வைத்துவிட்டு
வெகுநேரம் நின்றேன்.

தாள் நிறைந்தது. நதேலா இன்னொன்றைக் குத்தினாள்.
நாய்க்குப் பெயர் வந்தது, கடன் வந்தது,
ஐந்தாம் மாடிப் பூனையோடு தீராத வழக்கொன்று வந்தது.
எது என் கையெழுத்து என்று
எனக்கே குழம்பத் தொடங்கியது.
எங்கள் லிபியில் பெரிய எழுத்து கிடையாது.
வாக்கியம் தொடங்குகிறதென்று யாரும் மணியடிப்பதில்லை,
எவரும் எங்கிருந்தும் உள்ளே வரலாம்.

மேலே என் மேசை சுவரைப் பார்த்தபடி
சுத்தமாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
கையுறையில் ஒரே ஒரு விரலை வெட்டி
நின்றுகொண்டே எழுதினேன்,
ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.
அவ்தோ, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டுச் சொன்னார்:
"நாய் அழக்கூடாது. பல்லைக் கடித்துக்கொள்ளட்டும்."
அடித்தேன். அவர் சொன்னது சரி.

ஏப்ரலில் ஆள் வந்தான், சரிசெய்தான்,
தாள்களைக் கிழித்துக் கையெண்ணெய் துடைத்துக்கொண்டான்.
நான் கத்தவில்லை.
கொஞ்சம் கத்தினேன்.

இன்று காசு போட்டேன். ஏறியது.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஓர் உலுக்கல்,
விளக்கு மங்கி, நின்றது.
கோட்டுப் பையில் மின்கட்டண ரசீது, ஒரு பென்சில் துண்டு.
கதவிடுக்கில் நதேலாவின் செருப்புத் தெரிந்தது.
"எலிகோ, மாட்டிக்கொண்டாயா? ஆளைக் கூப்பிடட்டுமா?"

ரசீதின் முதுகில் அந்த நாய்
ஐந்தாவது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
படியேறிக்கொண்டிருந்தது.

"இரு," என்றேன்.
"யாரையும் கூப்பிடாதே. இன்னும் கொஞ்ச நேரம்."