காரணம்

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறினால்தான்
இரண்டு கோடு சிக்னல்.
கணக்கிலக்கத்தை இரண்டுதரம் அடித்தேன்.
திரை பெயரைக் காட்டிற்று:
இராசநாயகம் சறோஜாதேவி, மல்லாவிக் கிளை.
தமையன் ஒஸ்லோவில்.
அங்கே அனுப்பினால் வழியே பாதி தின்னும்,
தங்கச்சியின் கணக்கைத் தேடிப்பிடிக்க
ஒரு வருசம் போனது.

இருபத்தையாயிரம்.
காரணம்? என்றது செயலி.
குடும்பச் செலவு. கடன். பொருள் கொள்வனவு. வேறு.
வேறு என்பதைத் தொட்டு
பால்மா என்று எழுதினேன்.

மாத்தளனில் எங்கள் தறப்பாளுக்குள்
ஒரு பைக்கற்றை வைத்துவிட்டு
விலை சொல்லாமல் போனவர்.
அன்றைக்கு அதன் விலை ஒரு சோடித் தோடு.

ஆறு இலக்கம் வந்து விழுந்தது.
"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம் அம்மா,
மூண்டு நிமிசம்தான்."
சிரித்தபடி நிறோசன் அடித்தான்,
அந்தப் பாலைக் குடித்தவன்.
அவனுக்கும் நான் சொன்னதில்லை.

போய்விட்டது என்று பச்சையில் வந்தது.

அடுத்தநாள் வங்கியிலிருந்து அழைப்பு:
"அக்கா, மல்லாவியில ஒரு அம்மா வந்து நிக்கிறா.
ஆரோ பால்மாக் கடைக்குப் போகவேண்டிய காசு
தனக்கு மாறி வந்திட்டுதாம்.
திருப்பி அனுப்பட்டோ எண்டு கேக்கிறா."