எந்த அவர்

பினாங்கு பெரியாஸ்பத்திரியில்
மிஞ்சிய மருந்தைத் திருப்பித் தரும் கவுண்டர்.
அடுத்தடுத்த எண்கள் எங்களுக்கு.
என் பையில் சர்க்கரை மாத்திரை,
பிரிக்காத ஒன்பது அட்டை.
அருளப்பன் கையில்
ரெஜினாவின் மார்ஃபின் பாட்டில், கால்வாசி.
"உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?"
சாவுக்கு வந்த அத்தனை பேரில்
ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

தலைத்திவசம் முடியக் காத்திருந்தேன் என்று
எங்கள் தாமானில் பேசிக்கொள்கிறார்கள்.
மழை விடத்தான் காத்திருந்தேன்,
அருளப்பனின் கப்சாயில் ஏற.

பின்சீட்டுக்கு ரெஜினாவின் ஹெல்மெட் தந்தார்.
உள்ளே ஒரு ஹேர்பின்.
கொஞ்சம் இருங்கள் என்று மாடியேறிப் போய்
ஷூ ரேக் மேலிருந்த எல் சைஸை எடுத்து வந்தேன்.
தலையில் ஆடியது.
பழைய தைல வாசனை காதுவரை இறங்கியது.
இறந்தவரின் தலைக்குள் என் தலை,
இருக்கிறவரின் இடுப்பில் என் கை.
இல்லை, பொய்.
ஃபெரி ஏறும்வரை கம்பியைத்தான் பிடித்திருந்தேன்.

பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடை.
"அவருக்குச் சீனி போடாதே தம்பி."
முப்பத்து மூன்று வருஷம் பழகிய வாய்.
அருளப்பன் முன் வந்து நின்றது தே ஓ கோசோங்.
மனுஷன் மூன்று கரண்டிக்காரர்.
ஒன்றும் சொல்லாமல் மண்டி வரை குடித்தார்.

குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.
"ஐயோ, நான் அவர்னு நினைச்சு..."
"எந்த அவர்?"
கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

பேர் சொன்னதே இல்லை நான்.
ஏங்க. இந்தாங்க.
அப்புறம், கோமளா அப்பா.
ஆஸ்பத்திரியில் ஐ.சி.யை நீட்டினேன்.
மின்சுடலைப் பாரத்தில் எழுதினேன்.
வாயால், இல்லை.

ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் காட்டினேன்.
உள்பட்டையில் மார்க்கர் எழுத்து,
வியர்வையில் பாதி அழிந்து, 'வேலு' மட்டும்.
மிச்சத்தைப் படிக்க
கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார் அருளப்பன்.
"கந்தவேலு" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே போலிருக்கிறது,
மேசை துடைக்கிற பையன்
கூப்பிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தான்.

ரெஜினாவை எப்படிக் கூப்பிடுவீர்கள்?
"ஜினா. சண்டை வந்தா மிஸஸ் அருளப்பன்."
நிறைய மிஸஸ்தானாம்.

கூப்பிடாமல் வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவானேன்.
இன்னொரு தே சொன்னேன்:
"அருளப்பனுக்கு. சீனி தூக்கலா."
ஃபெரி போய்விடுமே என்றதற்கு
அடுத்தது வரும் என்றார்
அவர்.