அரைக் குளிசை

முதல் நாள் இரவு
பிரிட்ஜ் என்று நினைத்தேன்.
எழும்பிப் போய் வயரைப் பிடுங்கினேன்.
மீன் இளகியது. சத்தம் நிற்கவில்லை.
அடுத்து மின்விசிறி,
அடுத்து முன்வீட்டுத் தண்ணீர் மோட்டர்.
ஒவ்வொன்றையும் விசாரித்து விடுதலை செய்த பிறகு
மிஞ்சியது என் தலை.

எப்படியான சத்தம் என்று கேட்டார் டொக்டர் விஜேகோன்,
தமிழைக் கவனமாய்க் கூட்டிக் கூட்டி:
"மணியா? காற்றா? பூச்சியா?"
நிகழ்ச்சி முடிந்தும் அணைக்க மறந்த டீவி என்றேன்.
அவர் பூச்சி என்று எழுதிக்கொண்டார்.
பிறகு,
"எப்பவாவது பெரிய வெடிச்சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தீங்களா?"
திருகோணமலையில் பிறந்தவளிடம்.
எந்தச் சத்தம், டொக்டர், என்றேன்.
பேனை கொஞ்ச நேரம் கடதாசியைத் தொடாமல் நின்றது.

இருபத்திரண்டு வருடம்
ஆஸ்பத்திரி மருந்து யன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.
காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு என்று
சின்ன வெள்ளை உறைகளில் கோடு கீறிக் கொடுத்த கை.
மூதூரிலிருந்து முதல் படகில் வந்தவர்கள்,
உப்புக்காற்றில் தலைமயிர் காயாதவர்கள்,
கம்பியோடு முகத்தை வைத்துக் கேட்பார்கள்:
"இதால வேற ஏதும் வருமோ மிஸ்?"
"ஒண்டும் வராது. அடுத்த ஆள்."

இப்போது எனக்கும் ஒரு உறை.
பெட்டிக்குள் மடித்திருந்த தாளை
மேசை விளக்கடியில் விரித்தேன்.
விரிக்க விரிக்க வளர்ந்தது.
எறும்பெழுத்தில்
தலைச்சுற்று, வாய் உலர்தல், கெட்ட கனவு.
அரிதாக, ஈரல்.
மிக அரிதாக என்று தொடங்கிய வரியை
விரலால் மூடினேன்.
விரலுக்குக் கீழே இன்னொன்று தெரிந்தது:
காதில் இரைச்சல்.

இனி இது கூடினால்
நோய் கூடியதா மருந்து கூடியதா என்று
யாரிடம் கேட்பது?
அரிது என்பதன் கணக்கு எனக்குத் தெரியும்.
பத்தாயிரம் பேரில் ஒருவர்.
பத்தாயிரம் பேர் என்றால்
என் யன்னலில் மூன்று மாதம்.
அந்த ஒருவருக்கும்
நான்தான் கோடு கீறியிருப்பேன்.

கடல் எல்லாவற்றையும் மூடும் என்று
டச்பேக்குக் கூட்டிப்போனார் அருள்சீலன்.
அலை வரும்போது மூடியது, உண்மை.
அலை திரும்பிப் போகிற இடைவெளியில்
அது அப்படியே இருந்தது,
கச்சான் சரை முடியும்வரை.
"இப்ப கேக்குதா?" என்று ஏழு தரம் கேட்டார்.
ஏழாம் தரம் இல்லை என்றேன்.
அன்றிரவு அவருக்கு நல்ல நித்திரை.

நான் கத்தியால் குளிசையைப் பிளந்தேன்.
நடுக்கோடு இல்லாத குளிசை; ஒரு பாதி பெரிசு.
பிளக்க வேண்டாம் என்று
ஆட்களுக்குச் சொல்கிறவள் நான்.
சின்னப் பாதியை விழுங்கிவிட்டு
கேற்றடியில் போய் நின்றேன்.
ரோட்டில் மான்கள்.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
குப்பைப் பைகளில் வாய் வைத்திருந்தன.
ஒரு பெண்மான் நிமிர்ந்து
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.
ஒரு கணம் கூச்சமாய் இருந்தது,
வெளியே கேட்கிறதோ என்று.

திங்கட்கிழமை.
தோப்பூர்க்காரி ஒருத்தி, இடுப்பில் பிள்ளை.
"இதால வேற ஏதும் வருமோ மிஸ்?"
பின்னால் ரிஸ்மியா போத்தல் அடுக்கும் சத்தம்.
அதற்கு மேலே என் சத்தம்.
"சில பேருக்கு வரலாம்" என்றேன்.
வரிசை முணுமுணுத்தது.
"என்ன வரும்?"
சொன்னேன். மிக அரிதானதையும்.
உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அப்ப எடுக்கிறதோ, விடுறதோ?"

பிள்ளை கம்பியைச் சூப்பிக்கொண்டிருந்தது.
பாடத்தில் இந்தக் கேள்வி வரவில்லை.
உறையின் பின்பக்கத்தில்
என் போன் நம்பரை எழுதினேன்.
குளிசையை எடுங்கோ.
ஏதும் செய்தால் எனக்கும் எடுங்கோ,
சாமத்திலும்.
நான் முழிச்சுத்தான் இருப்பன்.